பச்சையில் ஒருத்தி, மஞ்சளில் ஒருத்தி

வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு வீட்டில் என் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் இடது புருவத்தைப் பார்ப்பேன். சின்ன வயதில் அடிபம்பு கைப்பிடி அடித்துப் பிளந்த புருவம் அது. அந்தப் படத்திலும் இடது புருவத்தில் அதே பிளவு இருக்கிறது.

அப்போது நான் ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அடிப்பது வேறு ஆட்கள். அடித்ததைக் குறை சொல்வது என் வேலை. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று ஊரில் என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். மாஸ்டர் பேனல் என்று சின்னதாக ஒரு தகடு இருக்கும். அதுதான் சரியான நிறம். லைனில் வரும் பம்பருக்குப் பக்கத்தில் அதை வைத்து, ஒரு தடவை வெயில் மாதிரியான வெளிச்சத்தில், ஒரு தடவை டியூப்லைட்டில், ஒரு தடவை மஞ்சள் பல்பில் என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரண்டு நிறம், அடுத்த விளக்கைப் போட்டதும் யாரோ எவரோ ஆகிவிடும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு ஒட்டுவோம். தேறாது என்றால் சிவப்பு. இப்படியும் இல்லை அப்படியும் இல்லை என்றால் மஞ்சள், அதற்கு ஹோல்டு என்று பெயர். மஞ்சள் சீட்டு ஒட்டியது ஒரு மூலையில் நிற்கும், யாராவது வந்து முடிவு சொல்கிற வரைக்கும்.

ஹாஸ்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளாமல் தனியாக அறை தேடியபோதுதான் அந்த வீடு கிடைத்தது. கீழே ஒரு அம்மா, அப்பா, மறைமலை நகரில் வேலைக்குப் போகும் அவர்கள் மகன். மாடியில் ஒற்றை அறை எனக்கு. அந்த அப்பா பெயிண்டர். முன்னே கோயில்களுக்குச் சாமிப்படமும் கடைகளுக்குப் போர்டும் எழுதியவர். நிலமெல்லாம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போன பிறகு, கம்பெனிகளுக்குள்ளே தரையில் கோடு போடுகிற கான்ட்ராக்டில் சேர்ந்துவிட்டார். மாடி அறையில் முன்பு அவர்கள் மகள் இருந்தாள் என்பதும், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் கல்யாணம் ஆகாமலே ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டாள் என்பதும் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டேன். பேய்க்குப் பயந்தவள் நான், அதை மறைப்பானேன்.

அந்த அம்மா என்னை வந்த வாரத்திலிருந்தே 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார். "பாப்பா, கொயம்பு வாங்கிக்கினு போ." "பாப்பா, துணி காயுது பாரு." நான் எங்கள் ஊர் வழக்கப்படி மாடியிலிருந்து, "இந்தா வாரேம்மா" என்று குரல் கொடுப்பேன். அதற்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். "இன்னாத்த குடுக்குற, இந்தா இந்தான்ற? தோ வரேன்னு சொல்லு." நான் சொல்லமாட்டேன். ஊர் விட்டு ஊர் வந்தால் பேச்சையுமா அடகு வைக்கவேண்டும் என்று ஒரு வீம்பு. கம்பெனியில் கூட இருந்த பெண்கள் ஒரே வருஷத்தில் வூடு, கீது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் கடைசிவரை 'வாரேன்'தான்.

பாப்பா என்பது அந்த மகளை வீட்டில் கூப்பிட்ட பெயர் என்று எனக்குச் சொன்னது அவர்கள் மகன். சொல்லிவிட்டு, "அம்மா கூப்டா கண்டுக்காதக்கா, பழக்கதோஷம்" என்றான். கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கூப்பிடுதல் எனக்குப் பிடித்திருந்தது. ஷிப்ட் முடிந்து கால் கடுத்து வரும்போது, கேட்டைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து 'பாப்பா' என்று ஒரு குரல் வந்தால் பாதி அலுப்பு போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா என்னை ஏரிக்கரைப் பச்சையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வெளியே ஆளுயரத்துக்கு மேல் மீசையும் முழியுமாக முனிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கருவறைக்கு வலப்பக்கச் சுவரில் அம்மன் படம். வீட்டுக்கார அப்பா எழுதியது. அவ்வளவு பச்சையை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை. நடவு முடிந்து பயிர் பிடித்துக்கொண்ட வயலில் மேகம் விலகி வெயில் விழுந்தால் வருமே, அந்தப் பச்சை. நெற்றியில் ரத்தச் சிவப்பில் பெரிய பொட்டு, சிவப்புப் பட்டு, காதில் மஞ்சள் தோடு. நான் வேலைப் புத்தியில், பச்சைச் சீட்டு ஒட்டியாச்சு, பாஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இது எம் பொண்ணு மூஞ்சி."

ஸ்கூல் முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம், அப்பா மகளை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதினாராம். படம் முடிந்து வந்து பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒரே ரகளையாம். "ஃப்ரெண்டுங்கல்லாம் என்னைப் பச்சத் தவளைன்னுதுங்கப்பா, கலரை மாத்து" என்று இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லையாம். சொல்லும்போது அம்மா சிரித்தார். பூசாரி தட்டோடு வரும்வரைக்கும் சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்தப் பெண்ணின் முகம் மிச்சமிருந்தது அந்தச் சுவரில் மட்டும்தான். காரியம் முடிந்த கையோடு, அக்கா சோறு தண்ணி இல்லாமல் போட்டோவைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாளே என்று தாய்மாமன், போட்டோ, துணி, பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் கொளுத்திவிட்டார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். ஸ்கூல் குரூப் போட்டோ ஒன்று தப்பியது. அதிலே கடைசி வரிசையில் அவள் நெற்றியும் வகிடும் மட்டும் தெரியும், மற்றதை முன்னால் நிற்கும் பெண்ணின் ரிப்பன் மறைத்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது, அதை என்னிடம் அடிக்கடி சொல்வார். கடைசி நாள் காலையில் மகள் ஏதோ கோபத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். டிபன் பாக்ஸும் மேடை மேலேயே இருந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மகள் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். "பாப்பான்னு வாய்வரைக்கும் வந்துச்சு. வேலைக்குப் போறச்சொல்ல பின்னால கூப்டக் கூடாதுன்னு முழுங்கிட்டேன். கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பா. ஒரு நிமிசம் லேட்டாயிருக்கும். லாரி அது பாட்டுக்குப் போயிருக்கும்." நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு மகனுக்குப் பெண் பார்த்தார்கள். கூடிவந்த சம்பந்தம் ஒன்று முறிந்தது, பின்னொன்றும் முறிந்தது. அந்தப் பக்கத்தில், வீட்டில் கன்னியாகப் போனவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, அழைத்து, அவள் உத்தரவு வாங்கிய பிறகுதான் கல்யாண வேலையைத் தொடுவார்கள். இவர்கள் அழைக்கவில்லை. அம்மாவுக்குப் பயம். "கூப்ட்டு வரலைன்னா? கோவத்துலதானே போனா?" மூன்றாவதாக ஒரு இடம் கூடிவந்ததும் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று. அம்மா சம்மதித்தார். ஆனால் கலசத்தையும் சேலையையும் பார்த்துக் கூப்பிட என்னால் ஆகாது, முகம் வேண்டும் என்றார்.

அப்பா பலகையில் எழுத ஆரம்பித்தார். பின்கட்டில் துணியைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு, ஞாயிறுகளில் மட்டும். முடிகிற வரையில் யாரையும் பார்க்கவிடவில்லை. துணியை எடுத்த அன்றைக்கு நான் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

முழுக்க மஞ்சள். முகம், கழுத்து, கை, கட்டியிருந்த சேலை, பின்னால் இருந்த வெட்டவெளி எல்லாமே மஞ்சள். கோயிலில் இருந்தவள்தான் இவளும், அதே உட்காருகிற தினுசு, அதே மாதிரி வலது கையில் ஒரு பூ. ஆனால் அம்மனுக்கு இருந்த சிவப்பு ஒரு பொட்டுக்கூட இவளிடம் இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. அங்கே அம்மன் நம்மைப் பார்ப்பாள். இவள் நமக்குப் பின்னால் யாரோ வருவதைப் பார்க்கிறவள்போல இருந்தாள். இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அப்பா தனியாகப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தபோது நேராகப் போய்க் கேட்டேன். "அப்பா, இது கம்பெனியில தரையில கோடு போடுற மஞ்சள்தானே?" அந்த மஞ்சளை எனக்குத் தெரியாதா? தினம் அதற்கு நடுவில்தானே நடக்கிறேன். மஞ்சள் கிழங்கின் நிறம் வேறு. இந்த மஞ்சளில் எலுமிச்சைப் பச்சை கொஞ்சம் ஓடும்.

"ஆமாம்மா" என்றார். "மிச்சம் இருந்துச்சு, எத்துக்கினு வந்தேன்."

"பெத்த பொண்ணு படத்துக்குத் தரைப் பெயிண்டா?"

அவர் பிரஷை உதறிவிட்டு, சுருக்கென்று நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனியில இன்னா சொல்லிக் குடுக்குறாங்க? ரெண்டு மஞ்சக் கோட்டுக்கு நடுவுல நடக்குற ஆளை வண்டி தொடாது. தொடக்கூடாது. ஊர்ல கீற அத்தினி கம்பெனிக்கும் நான்தாம்மா கோடு போட்டேன். ரோட்டுல போட ஆளில்லை." பிறகு படத்தைக் காட்டி, "தோ, இப்ப கோட்டுக்கு உள்ளதான் கீறா" என்றார்.

அவருடைய மனைவி அதை மங்கல மஞ்சள் என்றுதான் நினைத்தார். எனக்கு அது ஹோல்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் மூலையில் நிற்கிறவள். மூன்று பேரும் பார்த்தது ஒரே டப்பாப் பெயிண்ட்.

"புருவம்?" என்றேன். என் கை தானாக என் புருவத்துக்குப் போயிருந்தது.

"அதுவா? நெறம் நெனப்புல கீதும்மா. சிரிச்சா கன்னம் எங்க கறுக்கும்னுகூடத் தெரியும். மூஞ்சிதான் வர மாட்டேங்குது. கோயிலுக்குப் போய்ப் பாத்துப் பாத்து வந்து போட்டேன். அங்க இன்னா கீதோ அதான் இங்கயும்."

மறுநாள் சாயங்காலம் வேலை விட்டதும் நேரே கோயிலுக்குப் போனேன். உள்ளே இன்னும் விளக்கு போடவில்லை. எஸ்டேட் ரோட்டுக்குப் புதிதாகப் போட்டிருந்த ஆரஞ்சு விளக்கு வெளிச்சம் கம்பிக் கதவு வழியாகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பச்சை நிற்காது, எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மன் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பெரிய கண் சிறுத்துவிட்டது, பொட்டு கறுத்துவிட்டது. கோயில் சுவரில் சாமி இல்லை, சாயங்காலம் களைத்துப்போய் வந்து உட்கார்ந்த ஒரு பெண் இருந்தாள். இடது புருவத்தின் குறுக்கே சுவர் வெடித்திருந்தது. ஏரிக்கரையில் லோடு லாரி ஓடி ஓடி விழுந்த வெடிப்பு. நான் முதல் தடவை வந்தபோது அது இருந்ததா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அவர் சொன்னது நிஜம்தான். மாஸ்டர் பேனலில் கீறல் இருந்தால், கீறலையும் சேர்த்து நிறம் என்று எடுத்துக்கொள்கிற தப்பு எங்கள் வேலையில் புதுசாக வந்தவர்கள் செய்வது. அவரும் அதைத்தான் செய்திருக்கிறார், வெடிப்பையும் மகள் முகத்தோடு சேர்த்து எழுதிவிட்டார். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வீடு வந்தேன். கேட்டைத் திறந்ததும், கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்த மஞ்சள் முகத்தைப் பார்த்தேன், அந்தத் தாடையும் உதட்டு மடிப்பும் கோயில் சுவரில் இல்லை. தினம் காலையில் நான் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இருப்பவை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிறு காலையில் பூவாடை அழைத்தார்கள். ஏரியிலிருந்து புதுப்பானையில் தண்ணீர் மொண்டு, சேலை சுற்றி, பூ சுற்றி, பம்பை அடித்துக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் வைத்தார்கள். வெறும் நெற்றியில் அம்மா தன் விரலால் குங்குமம் வைத்தார். அதற்காகத்தான் அப்பா பொட்டு எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த விரல் பலகையில் அழுந்தியபோது என் நெற்றியில் ஜில்லென்றது. நான் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் பின்கட்டுக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் பம்பை ஏறி ஏறி அடித்தது. யாருக்கும் அருள் வரவில்லை. பம்பைக்காரர், "பெத்தவ கூப்டும்மா" என்றார். அம்மா கூப்பிட்டார், "பாப்பா... வந்துட்டியாம்மா?" பதில் இல்லை. மறுபடி அடித்தார்கள், மறுபடி கூப்பிட்டார். யாரோ ஒரு பெண், "கோவமா கீறா போல" என்று சொன்னது பின்கட்டுவரைக்கும் கேட்டது. பிறகு பம்பை சத்தத்தை மீறிக்கொண்டு அம்மாவின் குரல் வந்தது. பூஜைக்குக் கூப்பிடுகிற குரலே இல்லை, தெருமுனையில் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தியைக் கூப்பிடுகிற குரல்.

"பாப்பா!"

"தோ வரேம்மா" என்றேன்.

பம்பை நின்றது. கையில் துருவின தேங்காயோடு நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன. பழக்கத்தில் பதில் சொன்னேன், அவ்வளவுதான் என்று அன்றைக்கும் சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் என்றால் 'இந்தா வாரேம்மா' என்றல்லவா வந்திருக்கவேண்டும்? 'தோ' என்ற அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகும் சொன்னதில்லை.

அம்மா எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சாப்டியா?" என்று கேட்டார். உத்தரவு கேட்கவில்லை, கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இலையிலிருந்து பொங்கலை உருட்டி என் வாயில் ஊட்டினார். அம்மா, நான்தான், மாடி வீட்டுக்காரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சோறு உள்ளே வந்துவிட்டது. சாப்பிட்டேன். அவர் ஊட்ட ஊட்ட இலை காலியாகிற வரைக்கும் சாப்பிட்டேன், அவ்வளவு பசி அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பந்தல்கால் நடுவதற்கு அன்றே நாள் பார்த்தார்கள்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது. அம்மா என்னை அதற்கப்புறம் பாப்பா என்று கூப்பிடவில்லை. நான் படியிறங்கினால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பார். குழம்பு வேண்டுமா என்று கத்திக் கேட்டவர், மூடிவைத்த கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். புதுமருமகள் வந்ததும் முதல் வேலையாக என் காலில் விழவைத்தார்கள். நான் பதறிப்போய்ப் பின்வாங்கினேன், சண்டையும் போட்டேன். "ஏம்மா இப்படிப் பண்ணுறீங்க, எப்பவும்போல கூப்பிடுங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் சிரித்த முகத்தோடு, "உங்க இஷ்டம்மா" என்றார். அந்த 'உங்க' என்ற சொல் என்னைச் சுட்டதுபோல் வேறெதுவும் சுட்டதில்லை. ஆனால் அவர் நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார். டிபன் பாக்ஸ் கதையை அதற்கப்புறம் அவர் சொல்லவே இல்லை. மகளை அழைத்து வீட்டில் வைத்துவிட்டார், மாடியில் இருந்தவள் போய்விட்டாள்.

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண் ஒருத்தியோடு அறை பார்த்துக்கொண்டேன். கிளம்பின காலையில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். மஞ்சள் முகத்துக்குப் புது மாலை போட்டிருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு, "வாரேம்மா" என்றேன். அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து எனக்கு எதிரே நீட்டிப் பிடித்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதா, அப்படியே நின்று வாங்கிக்கொள்வதா என்று தெரியாமல் அணைகிற வரைக்கும் நின்றேன்.

பிறகு தெருவில் இறங்கி நடந்தேன். வேண்டுமென்றேதான் மெதுவாக நடந்தேன். அம்மா வாசலில் நின்றுகொண்டிருக்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது. தெருமுனை வந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று அவர் இன்னமும் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ என்னவோ. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன்.